உப்புக்காற்றும் பழைய கணினியும்

கேள்வி: பரணில் கிடக்கும் 1980களின் மேசைக் கணினியை மீண்டும் இயக்க முடியுமா? (ஒரு வாசகர், தூத்துக்குடி)

பதில்: முடியும், ஆனால் மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே பெட்டியைத் திறந்து பார்த்துவிட வேண்டும். 1976-இல் எச்.சி.எல். கணினி நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான சிவ நாடார் திருச்செந்தூரை அடுத்த மூலைப்பொழியில் பிறந்தவர் என்பதால், கணினிக்கும் உங்கள் தூத்துக்குடிக் கடற்கரைக்கும் உறவு உண்டு; கணினிக்கும் இக்கரையின் காற்றுக்கும்தான் பகை. அக்காற்றோடு வந்து படியும் நுண்ணிய உப்பு, ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் நீரை உறிஞ்சித் தானே கரைந்து மின்கடத்தும் படலமாகிவிடுவதால், சில்லுகளை எல்லாம் இணைக்கும் முதன்மைச் சுற்றுப்பலகையாகிய மதர்போர்டின் செப்புத் தடங்கள் களிம்பேறி அறுந்துபோகின்றன. அதனினும் கொடியது, கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டும் நிக்கல்-காட்மியம் பேட்டரி முதுமையில் கசியவிடும் காரக் கரைசல். அந்தப் பேட்டரியை வெட்டி நீக்கி, கசிவைச் சிறிதளவு வினிகரால் சமன்செய்து, வாலைவடிநீராலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலாலும் துடைத்து, முழுமையாக உலர்த்திய பின்னரே, மின்னூட்டத்தைச் சேமித்துத் தரும் மின்தேக்கிகள் உப்பியுள்ளனவா என்று பார்க்கலாம். திரைக்குழாயைத் தேர்ந்த பழுதுநீக்குநரிடமே ஒப்படைக்க வேண்டும். மின் இணைப்பைத் துண்டித்த பின்னும் அதில் பல்லாயிரம் வோல்ட் அழுத்தம் தங்கியிருக்கக்கூடும்.