சி டிரைவ்ல ஏதாச்சும் இருக்காண்ணே?

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த நோவு வந்தாலும் மருந்து ஒன்றுதான். ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லையா, பார்மட். பிரிண்டர் காகிதத்தைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்கிறதா, பார்மட். ஒருமுறை மானிட்டருக்குப் பின்னால் போகிற வயரை எலி கடித்து வைத்திருந்தது. வயரை மாற்றிய கையோடு, “எதுக்கும் ஒரு பார்மட் போட்ருவோம்ணே” என்றான். எங்கள் ஆச்சி கையில் விளக்கெண்ணெய்க் குப்பி இருந்தது போல அவன் கையில் சிடி பை. தலைவலியா வயிற்றுவலியா என்றெல்லாம் ஆச்சியும் கேட்டதில்லை.

அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. என் செல்போனில் அவன் ‘பார்மட்’. மனைவியின் போனில் ‘கம்ப்யூட்டர் தம்பி’. எதிர்வீட்டு ஆடிட்டரின் போனில் ‘எடுக்க மாட்டான்’. சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. மதுரையில் எங்கள் தெருவுக்கு ரிச்சி தெருவும் அவன்தான், சர்வீஸ் சென்டரும் அவன்தான். உங்கள் தெருவிலும் ஒருவன் இருந்திருப்பான். டிப்ளமோ முடித்திருப்பான், அல்லது ஒரு பேப்பர் பாக்கி வைத்திருப்பான். வண்டி சீட்டுக்கடியில் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், தூசி தட்ட ஒரு பெயின்ட் பிரஷ், ஜிப் வைத்த சிடி பை. “பத்து நிமிசத்துல வந்துர்றேண்ணே” என்றால் நாளை சாயங்காலம் என்று பொருள்.

வந்ததும் முதல் வேலை சிபியுவின் பக்கத் தகட்டை உருவுவது. எங்கள் சிபியுவின் தகடு 2006-க்குப் பிறகு திருகாணியைக் கண்டதில்லை. சும்மா சாய்த்து வைத்திருப்போம், எப்படியும் இவன் வந்து கழட்டத்தானே போகிறான் என்று. உள்ளே கைவிட்டு ரேமைப் பிடுங்குவான். “பாப்பா, எரேசர் இருக்கா?” என்பான். மகள் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்துத் தருவாள். கணக்கு நோட்டில் தப்பை அழிக்கிற அந்த ரப்பரால் ரேமின் பொன்னிறப் பற்களைத் தேய்ப்பான். ஊதுவான். திரும்பச் செருகுவான்.

இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. அந்தப் பற்களில் தூசியும் களிம்பும் ஏறினால் கம்ப்யூட்டர் எழுந்திருக்காது. பீப் பீப் என்று அழும். தேய்த்துச் செருகினால் பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும். எங்கள் வீட்டிலும் பலமுறை அப்படித்தான் சரியாகியிருக்கும் என்று இப்போது சந்தேகப்படுகிறேன். ஆனால் ரப்பரால் ரெண்டு தேய் தேய்த்துவிட்டு 300 ரூபாய் கேட்டால் நான் கொடுத்திருப்பேனா? “என்னப்பா, ரப்பர் எங்க வீட்டு ரப்பரு” என்றிருப்பேன். மூன்று மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து, நீலத் திரையை முறைத்து, ரெண்டு டீ குடித்து எழுந்தால் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுப்பேன். பார்மட்டைக் கண்டுபிடித்தது வேறு யாரோ. தெருத்தெருவாகப் பரப்பியது எங்களைப் போன்ற கருமிகள்.

ஆக, தேய்த்தாயிற்று. சிடியைப் போட்டாயிற்று. இனி அந்தக் கேள்வி.

“சி டிரைவ்ல ஏதாச்சும் இருக்காண்ணே?”

எங்கள் 80 ஜிபி ஹார்டு டிஸ்க்கை சி, டி, இ என்று பாகப்பிரிவினை செய்து வைத்தவனும் அவன்தான். ஏ, பி என்ன ஆயிற்று என்று மகள் கேட்டிருக்கிறாள். அவை ஃபிளாப்பிகளுக்கு ஒதுக்கிய நாற்காலிகள். ஃபிளாப்பிகள் போய்ச் சேர்ந்த பிறகும் அதில் வேறு யாரும் உட்காருவதில்லை. மூத்த பங்கான சி-யில் விண்டோஸ் குடியிருக்கும். டி-யில் நம் சொத்து பத்து. பார்மட் என்றால் சி மட்டும் காலி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். வில்லங்கம் எங்கே என்றால், நாம் கண்ணெதிரே எல்லாவற்றையும் குவித்து வைக்கிற டெஸ்க்டாப் இருப்பது சி-யில். ‘மை டாக்குமெண்ட்ஸ்’ இருப்பதும் சி-யில். ஆடிட்டர் வீட்டு டாலி கணக்கும் அப்போது சி-யில்தான் போய் உட்காரும். நாமோ டி-யில் நாலு சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டு எல்லாம் பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்போம்.

“ஒண்ணும் இல்லப்பா, போடு” என்பேன்.

“அக்கா, உங்களுது?”

“எனக்கென்ன இருக்கு அதுல?”

“பாப்பா?”

“இல்லண்ணா.”

ஏலம் விடுகிறவர் மாதிரி ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம். அப்புறம்தான் எண்டரைத் தட்டுவான். ஃபைல்கள் ஏறுகிற மஞ்சள் கோடு 12 சதவிகிதம் தொடும்போது அடுக்களையிலிருந்து ஒரு குரல் வரும்: “ஏங்க, குலதெய்வம் கோயில் போட்டோ எல்லாம் எங்க வச்சீங்க?”

அவன் எப்போதும் போடுவது குயிக் பார்மட். முழு பார்மட் போட்டால் வட்டு முழுக்கத் தடவிப் பார்த்து, கெட்ட இடம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கும். குயிக் நொடியில் முடிந்துவிடும். எப்படி அவ்வளவு சீக்கிரம் என்றால், அது எதையும் அழிப்பதில்லை. பட்டாவிலிருந்து பெயரை எடுத்துவிடுகிறது, அவ்வளவுதான். வீடு அப்படியே நிற்கும். புதுப் பட்டாதாரர் வந்து அதே இடத்தில் இடித்துக் கட்டும்வரை நிற்கும். அதனால்தான் சில மென்பொருள்களை ஓடவிட்டு, போன படங்களைத் திரும்ப எடுக்க முடிகிறது. ஆனால் இங்கே பட்டா மாறிய மறுநிமிடமே விண்டோஸ் என்கிற புதுக்காரர் செங்கல், மணலோடு வந்து இறங்கிவிடுகிறாரே. குலதெய்வம் கோயில் படங்களில் பதினொன்று மீண்டது. அதில் ஏழு, தெரியாமல் கைபட்டு எடுத்த என் செருப்புப் படம்.

அந்த வசவுக்குப் பிறகு தம்பி உஷாராகிவிட்டான். எங்கள் பேச்சை நம்பாமல், கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே டெஸ்க்டாப்பில் உள்ளதை அப்படியே அள்ளி டி-யில் ‘ஓல்டு’ என்று ஒரு ஃபோல்டரில் போட்டுவிடுவான். அடுத்த பார்மட்டில் ‘ஓல்டு நியூ’. அதற்கடுத்து ‘ஓல்டு ஃபைனல்’. ஒவ்வொன்றுக்குள்ளும் முந்தையது இருக்கும். என் மின்வாரிய ரசீது ஒன்றைத் தேடிப் போனேன். வெங்காயம் உரித்த கதையாக ஆறாவது ஓல்டுக்குள் என் மகளின் எல்.கே.ஜி. ரைம்ஸ் பாடிக்கொண்டிருந்தது.

எக்ஸ்பி காலம் அது. 2001-ல் வெளிவந்து, 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் கைகழுவும்வரை, ஏன் அதற்குப் பிறகும், எங்கள் தெருவில் செங்கோலோச்சியது. இன்ஸ்டாலேஷன் முடிய இன்னும் 39 நிமிடம் என்று திரையின் இடது ஓரத்தில் வரும். அந்த நிமிடங்களுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் எந்த உறவும் கிடையாது. 34-ல் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். அப்போதுதான் அவனுக்குப் பேச்சு ஊறும். யார் வீட்டில் யு.பி.எஸ். மாற்றினார்கள், யார் பையன் ராத்திரி ரெண்டு மணிவரை கேம் ஆடுகிறான், எந்த வீட்டில் ஜாதகத்தை ஸ்கேன் பண்ணி வாரம் நாலு பேருக்கு அனுப்புகிறார்கள் என்று தெருவின் உள்விவரம் அத்தனையும் அவனிடம் இருந்தது. ஆனால் படத்தைத் திறந்து பார்த்தான், கடிதத்தைப் படித்தான் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. ஃபோல்டரின் பெயரோடு நின்றுகொள்வான். டாக்டரிடமும் வக்கீலிடமும் சொல்லாததை ‘மை டாக்குமெண்ட்ஸ்’ஸில் வைத்திருக்கிற ஊர், முகவரி தெரியாத இந்தப் பையனிடம் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு முறுக்குத் தட்டும் வைத்தது.

இடையில் சீரியல் கீ கேட்கும். ஐந்தைந்தாக 25 எழுத்து. கண்ணை மூடிக்கொண்டு சகஸ்ரநாமம் மாதிரி தட்டுவான். அது எந்தப் புண்ணியவான் காசு கொடுத்து வாங்கிய கீயோ, எங்கள் தெரு முழுக்க அவர் பேரில்தான் ஓடியது. 2008 வாக்கில் மைக்ரோசாஃப்ட் விழித்துக்கொண்டு, திருட்டு எக்ஸ்பிக்களின் வால்பேப்பரை மணிக்கொரு தரம் கறுப்பாக்க ஆரம்பித்தது. ஒரே வாரத்தில் தெருவே துக்கம் அனுசரித்தது. ஆடிட்டர் வீடு உட்பட.

சரி, முடிந்தது என்று வையுங்கள். பச்சைப் புல்மேடும் நீல வானமும் திரையில் வரும். அம்மா அதைக் கடைசிவரை கொடைக்கானல் என்றே நம்பினார், நானும் மறுக்கவில்லை. உண்மையில் அது கலிபோர்னியாவில் சோனோமா பக்கம், 1996-ல் சார்லஸ் ஓ’ரியர் சாலையோரம் காரை நிறுத்தி எடுத்த படம். அந்த மேட்டில் முன்பு திராட்சைத் தோட்டம் இருந்ததாம். பூச்சி விழுந்து கொடிகளை வேரோடு பிடுங்கிப் போட்ட பிறகு முளைத்த புல் அது. அங்கேயும் எவனோ ஒரு தம்பி, “பூச்சி வந்துருச்சுண்ணே, மொத்தமா எடுத்துருவோம்” என்று சொல்லியிருக்க வேண்டும்.

அந்தப் புல்லைப் பார்த்து மயங்கி 300 ரூபாயை நீட்டிவிடக் கூடாது. சத்தம் வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வராது. நெட்டும் வராது. டிரைவர் போடவில்லை. மதர்போர்டோடு வந்த சிடி எங்கே என்று கேட்பான். அது மாடியில் கொய்யா மரத்தில் கிளிகளை மிரட்டிக்கொண்டிருக்கும். நெட்டில் இறக்கலாம் என்றால், நெட் வருவதற்கான டிரைவரே நெட்டில்தான் இருக்கிறது; சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. வண்டியை எடுத்துக்கொண்டு பிரவுசிங் சென்டர் போவான். பென் டிரைவில் டிரைவரோடு வருவான். கூடவே, அந்தக் கடைக்கு வந்துபோன கல்லூரிப் பிள்ளைகள் அத்தனை பேரின் வைரஸும் வரும்.

பென் டிரைவையே குறை சொல்வதும் பாவம்தான். சி-யைக் கழுவித் துடைத்தாலும், டி-யில் ஆட்டோரன் என்று ஒரு சின்ன ஃபைல் ஒளிந்திருக்கும். பாட்டுக் கேட்கலாம் என்று டி-யை இரட்டைக் கிளிக் செய்தால் போதும், பழைய வைரஸ் புது வீட்டுக்குக் குடிவந்துவிடும். ஃபோல்டருக்குள் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் முளைக்கும். அது ஃபோல்டரே இல்லை, வேஷம் போட்ட வைரஸ். மூன்றாம் நாள் போன் செய்வேன். “நீங்க என்னண்ணே பண்ணுனீங்க?” என்பான். நாற்பது வயது ஆளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இதைவிடச் சின்னக் கேள்வி கிடையாது.

பெரியப்பாவிடம் மட்டும் அவன் பாச்சா பலிக்கவில்லை. பெரியப்பா ஓய்வுபெற்ற தாசில்தார். எங்கள் குடும்ப வரலாற்றை 140 பக்கம் பாமினி எழுத்துருவில் தட்டி, யார் பேச்சையும் கேட்காமல் டி-யில் சேமித்து, ஒரு சிடியிலும் எடுத்து பீரோவில் வைத்திருந்தார். ‘சி டிரைவ்ல ஏதாச்சும்’ என்று இவன் ஆரம்பித்ததுமே, “சட்டப்படி எல்லாம் சரியா இருக்கு, நீ உன் வேலையப் பாரு” என்றார். பார்மட் முடிந்தது. ஃபைல் பத்திரமாக இருந்தது. திறந்தார். முதல் வரியே ஆங்கில எழுத்துகள் வாந்தியெடுத்த மாதிரி கிடந்தது.

ஃபைல் டி-யில் இருந்தாலும் எழுத்துரு சி-யில் விண்டோஸோடு இருந்து, அதோடு உடன்கட்டை ஏறிவிட்டது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் என்பதே ஒரு முகமூடிதான். ‘தமிழ்’ என்று நாம் பார்ப்பது உள்ளுக்குள் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இருந்தால் தமிழ், கழன்றால் அரைப்புள்ளி. யூனிகோடு வீட்டுக்கு வீடு வரும்வரை எத்தனையோ கல்யாணப் பத்திரிகைகளும் கவிதைகளும் இப்படித்தான் நின்றன. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நாலு தலைமுறையும் அரைப்புள்ளியாகக் கிடந்தது.

“பெரியப்பா, ஃபைலு கரப்ட் ஆயிருச்சு. வேணும்னா மறுபடி ஒரு...”

“வாயைத் திறந்தேன்னா பாரு.”

எழுத்துருவை ஒரு டி.டி.பி. கடையிலிருந்து வாங்கிவந்து போட்டதும் மொத்தக் குடும்பமும் உயிர்பெற்று எழுந்தது. அன்றிலிருந்து அவன் சிடி பையில் பாமினிக்கு ஒரு தனி உறை.

இப்போது அவனுக்குப் பிழைப்பு சிசிடிவி. தொந்தி விழுந்திருக்கிறது, ரெண்டு பிள்ளைகள். எஸ்.எஸ்.டி. வந்த பிறகு பார்மட் என்பது ஒரு டீ ஆறுவதற்குள் முடிகிற காரியமாகிவிட்டது. ஊர்க்கதை பேச 34-ஆவது நிமிடம் எங்கேயும் நிற்பதில்லை. போகிற போக்கில் கையசைப்பதோடு சரி.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கும் ஆதரவு நின்றது. என் பழைய கம்ப்யூட்டர் இனி பாதுகாப்பில்லை என்று தினமும் ஒரு பெட்டியைக் காட்டி மிரட்ட ஆரம்பித்தது. போதாக்குறைக்குத் திடீர் திடீரென்று அணைந்தும் போயிற்று. கூப்பிட்டேன். பழக்கம் மாறாமல் மறுநாள் சாயங்காலம் வந்தான். பார்த்தான். ரெண்டு பட்டனைத் தட்டினான்.

“பதினொன்னு இதுல ஏறாதுண்ணே. டி.பி.எம். சிப்பு இல்ல, பிராசசரும் பழசு.”

“அப்ப இருக்கறதையே ஒரு பார்மட் போட்டுப் பாரேன்.”

“போட்டாலும் பிரயோசனம் இல்லண்ணே.”

இருபது வருஷத்தில் அந்த வாயிலிருந்து நான் கேட்காத வாக்கியம். எனக்கு என்னமோ போலாகிவிட்டது. மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். அவன் குடித்தான். சிபியுவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சாய்த்து வைத்திருந்த தகட்டை மெல்ல உருவினான்.

“அக்கா, வீட்ல எரேசர் இருக்கா?”