திரேஸ்புரத்துப் பாக்கி நோட்டும் பரிமாற்றப் பதிவேடும்: ஓர் ஒப்பாய்வு

பரிமாற்றப் பதிவேட்டை எத்தனை நோட்டில் எழுதுவது என்பது தரவுத்தளக்காரர்களிடையே நெடுநாள் வழக்கு. ஆரக்கிள், எஸ்கியூஎல் சர்வர், மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரஸ் என்று நாலு மடங்கள், மடத்துக்கொரு சம்பிரதாயம். இவ்வழக்கை ஆராயத் தூத்துக்குடி திரேஸ்புரத்தில் ஒரு டீக்கடை போதும் என்பதே நமது துணிபு.

வள்ளங்கள் கரைசேர்ந்து மீன் ஏலம் நடக்கும் வேளையில் அக்கடையில் யாரும் காசு எடுப்பதில்லை. "ரெண்டு டீ, ஒரு வடை எழுதிக்கிடுங்க அண்ணாச்சி" என்பார்கள். அண்ணாச்சி முதலில் சிட்டையில் பென்சிலால் ஒரு வரி கிறுக்குவார். அதற்கப்புறம்தான் கிளாஸ் கைக்கு வரும். ராத்திரி கடை சாத்தியபின் சிட்டையைப் பார்த்து, ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவார். கூட்ட நேரத்தில் ஆளாளுக்குப் பக்கம் தேடினால் டீ ஆறிவிடும். சிட்டையில் அடுத்த வரி எப்போதும் அடுத்த வரிதான். முன்பதிவு லாக் என்று பெரிய தரவுத்தளங்கள் அனைத்தும் போற்றும் தத்துவம் இவ்வளவே.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியபோது இத்தத்துவம் சோதனைக்குள்ளானது. அன்றைய பற்று எதுவும் பேரேடு ஏறவில்லை. பேரேடு பரணில், சிட்டை பாலிதீன் பையில், அண்ணாச்சியின் மடியில். வெள்ளம் வடிந்ததும் அவர் செய்தது அப்படியே ஏரீஸ் முறை. சென்னை ஐஐடியில் படித்து ஐபிஎம்மில் பணியாற்றிய சி. மோகனும் சகாக்களும் 1992-ல் வெளியிட்ட அம்முறைக்கு மூன்று கட்டம்: எதுவரை ஏறியது, எது பாதியில் நின்றது என்று பார், விட்டதை எல்லாம் ஏற்று, முடியாமல் போனதை அடி. வடை சொல்லிவிட்டு மழைக்குப் பயந்து ஓடியவர் கணக்கையும் முதலில் ஏற்றிவிட்டுப் பிறகுதான் அடிக்க வேண்டும். வெட்டிவேலை போலத் தெரியும். ஆனால் கணக்கு நின்ற இடத்துக்கே நோட்டைக் கொண்டுவந்தால்தான் எதை அடிப்பது என்பதில் குழப்பமில்லை. அடித்ததையும் சிட்டையில் எழுதுவார். நடுவில் மறுபடி மழை பிடித்தால் ஒரே வடையை இரண்டு தடவை கழிக்கக் கூடாதல்லவா?

இனி மடங்கள். எஸ்கியூஎல் சர்வர் மாற்றத்துக்கு முந்தைய பழசு, பிந்தைய புதுசு இரண்டையும் ஒரே லாக்கில் வைக்கும். ஆரக்கிள் புதுசுக்கு ரீடூ, பழசுக்கு அன்டூ என்று பிரித்து, அன்டூவில் எழுதியதையும் ரீடூவில் எழுதும், சந்தேகப் பிராணி. மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி இவ்விரண்டும் போதாதென்று கிளைக்கடைக்கு நகல் அனுப்ப பைனரி லாக் என்ற மூன்றாவது நோட்டோடு ஒத்துப்போக வேண்டியிருக்கிறது. டீக்கடை இதைத் தாங்காது.

அண்ணாச்சி போஸ்ட்கிரஸ் மடம். அதன் லாக் 16 எம்பி துண்டுகளாக ஓடும்; பழசுக்கென்று தனி நோட்டே கிடையாது. பழைய வரி பேரேட்டிலேயே கிடக்க, புது வரி அதன் கீழே ஏறும். அண்ணாச்சியும் ரப்பர் வைத்து அழிப்பதில்லை, ஒரே கோடுதான். விளைவு, பேரேடு ஊதிக்கொண்டே போகிறது. அங்கே வேக்யூம் என்ற துப்புரவு வேலை வந்து செத்த வரிகளைக் கூட்டித் தள்ளும். இங்கே புதுக்கணக்கு அன்று மருமகன் உயிருள்ள வரிகளை மட்டும் புது நோட்டில் பெயர்த்தெழுதுகிறார். முகம் சுளித்துக்கொண்டுதான்.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. பரிமாற்றத்துக்கு இலக்கணம் வகுத்த ஜிம் கிரே 1981-லேயே, சில செயல்களை நடந்தபின் திரும்பப்பெற இயலாது என்று தனி வகையாக ஒதுக்கிவிட்டார். இதே தூத்துக்குடியில் 1961-ஓடு நின்றுபோன முத்துக்குளிப்பில், திறக்காத சிப்பியை ஆயிரக்கணக்கில் ஏலம் எடுத்த வியாபாரிக்கு இது நன்றாகவே விளங்கியிருக்கும். தின்ற வடையும் இவ்வகையே. பாதி கடித்துவிட்டு "வேண்டாம் அண்ணாச்சி, உப்புக் கரிக்கு" என்று திருப்பிய வடை எவ்வகை என்பதில்தான் கடைக்குள் கருத்து வேறுபாடு. அண்ணாச்சி முழு வடையாகவே எழுதுகிறார்.