எல்லா வரியும் மஞ்சள்!

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் செய்யுள் பகுதி முழுக்க மார்க்கரால் மஞ்சள் பூசிவிடுகிறாள். கேட்டால், “எல்லாமே முக்கியம்மா” என்கிறாள். என்ன செய்ய?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: மார்க்கரை அவளிடமிருந்து வாங்கி வையுங்கள்; பென்சில் போதும். முதல் வாசிப்பில் அதுவும் வேண்டாம், வாய்விட்டுப் படிக்கட்டும்.

குறுந்தொகையில் தொடங்குங்கள். பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிதான். ஓரத்தில் எழுத இடம் தாராளம்! பேசுவது தலைவியா, தோழியா? யாரிடம்? அதை முதலில் குறிக்கட்டும். பிறகு, தொல்காப்பியர் அன்றே வகுத்துத் தந்த முதல், கரு, உரி. நிலமும் பொழுதும் முதல். மரமும் பறவையும் கரு. பிரிவோ காத்திருப்போ உரி. மூன்றையும் குறித்தபின், “இந்தப் பறவைக்கு இங்கே என்ன வேலை?” என்பதுபோல் ஒரு கேள்வியை அவளே எழுத வேண்டும். ஆராய்ச்சி பிறக்கும் இடம் அதுதான். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். கோனார் உரையும் அதுவரை மூடியே இருக்கட்டும்.

அவள் விடை உரையோடு மாறுபட்டால் பதறாதீர்கள், காரணம் கேளுங்கள். தொல்காப்பிய உரையாசிரியர் இளம்பூரணரையே பல இடங்களில் மறுத்தவர்தான், அதே நூலுக்குப் பின்னாளில் உரை எழுதிய நச்சினார்க்கினியர்!