அருமை சார், அடுத்தது எப்போது?

‘பொன்னியின் செல்வன்’ தொடர் 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்தது. முடிந்த பிறகும் வாசகர்கள் விடவில்லை. அவருக்கு என்ன ஆயிற்று, இவருக்கு என்ன ஆயிற்று என்று துளைத்தார்கள். கல்கி ஒரு முடிவுரையே எழுதிப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அப்போது எழுத்தாளரை வாசகர் விரட்டினார். இப்போது தலைகீழ்.

நண்பர் ஒருவர் தொடர்கதை எழுதுகிறார். நான் அவருடைய ஆஸ்தான ஊக்குவிப்பாளன். நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு 43-ஆம் அத்தியாயத்தை அனுப்பினார். மூன்றாம் அத்தியாயத்தில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த மாமனார், இதில் ஊஞ்சலில் உட்கார்ந்து ஃபில்டர் காபி கேட்கிறார். சொல்ல மனம் வருமா? “மாமனார் பாத்திரத்துக்கு உயிர் கொடுத்துவிட்டீர்கள் சார்!” என்று எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அப்படியே பொய்யானாலும், குற்றமற்ற நன்மை தருமானால் அதுவும் வாய்மைதான் என்று வள்ளுவர் இடம் கொடுத்திருக்கிறார். தொடர்கதை எழுதும் நண்பர் அவருக்கும் இருந்திருக்க வேண்டும்.

ஊக்கம் பலித்துவிட்டது என்பதுதான் சிக்கல். விடிவதற்குள் 44, 45 இரண்டும் வந்துவிட்டன. மாமனாருக்குப் பெண் பார்க்கிறார்கள்.