அம்மி வியாபாரத்துக்கு உகந்த சமூக ஊடகம் எது? நார்த்தாமலைச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகும் வழியில், கீரனூர் வருவதற்கு முன்னால், மொட்டைப் பாறைகள் சூழ்ந்து கிடக்கும் ஊர் நார்த்தாமலை. இவ்வூரில் அம்மி கொத்தி விற்கும் ஒருவர் (ஆய்வு வசதிக்காக நாமே உண்டாக்கிக்கொண்டவர்) தம் சரக்கை வாட்ஸப்பில் விற்பதா, பேஸ்புக்கிலா, இன்ஸ்டாகிராமிலா, யூடியூபிலா என்பதே இங்கே எடுத்துக்கொண்ட சிக்கல். நாட்டில் இதைவிடப் பெரிய சிக்கல்கள் உண்டு. அவற்றையெல்லாம் ஆராய்ந்து பலர் ஏற்கெனவே முனைவர் பட்டம் வாங்கிவிட்டபடியால் நமக்கு மிஞ்சியது அம்மி.

முதலில் முன்னோர் வழக்கு. நகரத்தார்மலைதான் நார்த்தாமலை ஆனது என்று பொதுவாகச் சொல்வார்கள். சோழர் காலத்தில் ‘நகரம்’ என்ற வணிகர் அவை இங்கே செல்வாக்கோடு இருந்தது. கல்வெட்டுகளில் ஊருக்குத் தெலுங்ககுலகாலபுரம் என்று பெயர். சேதியை வெளியிட அன்று கையில் இருந்த தளங்கள் நான்கு: ஓலை, செப்பேடு, பறை, கல். ஓலை நாலு பேருக்குள் சுற்றும். பிறகு கரையானுக்குப் போகும். செப்பேட்டைப் புதைத்து வைத்தால் வாரிசுக்கே தெரியாது. பறையின் ஆயுள் அடித்து முடிக்கிறவரை. வாட்ஸப் ஸ்டேட்டஸுக்காவது 24 மணி நேரம் உண்டு. நகரத்தார் கல்லைப் பிடித்தார்கள். சுற்றிலும் கல்லாகவே இருக்கும் ஊரில் அவர்கள் தேர்ந்தெடுத்தது எந்தக் கல் என்பதுதான் கவனிக்க வேண்டியது: கோயில் சுவர், கோயிலை ஒட்டிய பாறை. கூட்டத்தை நம் கல்லிடம் வரவழைப்பதைவிடக் கூட்டம் போகிற இடத்தில் கல்லைப் பிடிப்பது செலவு குறைவு.

மேலமலையில் பன்னிரண்டு திருமால் உருவங்கள் வரிசையாக நிற்கும் குடைவரையைக் கல்வெட்டு ‘பதினெண்பூமி விண்ணகரம்’ என்கிறது. பதினெண்பூமி என்பது ஐந்நூற்றுவர் முதலான வணிகக் குழுக்களோடு ஒட்டி வரும் பெயர். கோயிலுக்குக் கொடுத்ததாகவும் ஆயிற்று, குழுவின் பெயரும் நின்றது. ஸ்பான்சர்ஷிப்பை நேற்றுத்தான் கண்டுபிடித்ததாக நினைக்கும் விளம்பரக் கம்பெனிக்காரர்கள் ஒருமுறை மேலமலை ஏறி வரலாம். வெயிலுக்கு முன் ஏறிவிடுவது நல்லது.

இதே ஐந்நூற்றுவர் 1088இல் சுமத்திராவின் பாரூசிலும் தமிழில் ஒரு கல்வெட்டு வைத்தார்கள். வெளிநாட்டுக்குப் போய்விட்டு ஏன் தமிழில்? அது வாடிக்கையாளருக்கு எழுதியதில்லை. தங்கள் மரக்கலக்காரர்கள் செலுத்த வேண்டியதைப் பற்றித் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. அதாவது உறுப்பினர் மட்டும் படிக்கும் குரூப். பொதுச் சுவருக்கு ஒன்று, குரூப்புக்கு ஒன்று என்று பிரித்துப் போடும் தெளிவு அவர்களுக்கு இருந்தது. தள்ளுபடி அறிவிப்பைக் குடும்பக் குரூப்பிலும், பேத்தியின் காதுகுத்துப் படத்தைக் கடைப் பக்கத்திலும் போடும் நம் தலைமுறை இதில் பின்தங்கியே இருக்கிறது.

இனி அம்மி. எல்லாத் தளத்திலும் இரு என்று ஆலோசனை சொல்கிறவர்கள் சரக்கைப் பார்ப்பதில்லை. அம்மிக்கு ஒரு பெருங்குறை உண்டு: அது கெடாது. ஒரு முறை வாங்கியவர் மறுபடி வர மாட்டார். அவர் மகளும் வர மாட்டாள், அதே அம்மியை எடுத்துக்கொண்டு போவாள். ஆகவே வாங்கியவர்களை வைத்து வாட்ஸப் குரூப் தொடங்கி, தினமும் ‘இனிய காலை வணக்கம்’ போட்டு இன்னோர் அம்மி விற்பது நடவாது. ஆனால் அரைத்து அரைத்து அம்மி வழவழப்பாகிவிடும். உளி வைத்துக் கொத்தினால்தான் மறுபடி பிடிக்கும். அந்த வேலைக்கு வாடிக்கை உண்டு, பக்கத்து ஊர்களில் உண்டு, முகம் தெரிந்தவர்களிடம் உண்டு. ஆகவே விற்பனைக்கு உதவாத வாட்ஸப் கொத்து வேலைக்கு உதவும். இங்கே ஒரு நுட்பம்: பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் நம் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவருக்குத்தான் சேதி போய்ச் சேரும். எனவே அம்மியை வண்டியில் ஏற்றும்போதே, ‘அக்கா, என் நம்பரைப் பதிஞ்சுக்கங்க, கொத்தணும்னா ஒரு மிஸ்டு கால் குடுங்க, நானே வந்துடுறேன்’ என்று சொல்லிவிட வேண்டும். எந்தத் தளத்தின் எந்த வசதியும் இந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகாது என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

இன்ஸ்டாகிராமில் அம்மி அழகாக இருக்கும். உளிச் சத்தமும் தெறிக்கும் கல்துகளும் ரீல்ஸுக்கென்றே பிறந்தவை. இதயக்குறி போடுகிறவர்களில் பெரும்பாலோர் மிக்சி வீட்டார். எஞ்சியவர்கள் வரவேற்பறையில் செடி வைக்க உள்ளங்கை அகல அம்மி கேட்பார்கள். கேட்டால் கொத்திக் கொடுப்பதில் தவறில்லை, குழவிக்குத் தனி விலை. பேஸ்புக்கில் கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும் வயதுப் பெற்றோர் நிறைய. அம்மி மிதிக்காமல் கல்யாணம் இல்லையாதலால் அவர்களை அலட்சியம் செய்ய முடியாது. மண்டபத்திலேயே அம்மி கொடுக்கிறார்கள் என்பதால் பெரிதாக நம்பவும் முடியாது. எக்ஸ் தளத்தில் அம்மி விற்பது விபரீதம். அங்கே இருக்கும் மனநிலையில் எறிவதற்கு வாங்குவார்கள்.

மிஞ்சுவது யூடியூப். புது அம்மி வாங்கியவருக்கு முதல் நாளே ஒரு திண்டாட்டம் உண்டு: அரைத்தால் சட்னியில் கல்மாவு நறநறக்கும். தவிடு போட்டு அரைத்துக் கழுவி, அரிசியும் கல்லுப்பும் வைத்து அரைத்துக் கழுவி, வரும் மாவு சாம்பல் நிறம் மாறி வெள்ளையாகும்வரை பழக்க வேண்டும். இதைச் சொல்லித்தரப் பாட்டி இல்லாத வீட்டார் போனில்தான் தேடுவார்கள். இன்று போட்ட வீடியோ அவர்களுக்கு மூன்று வருஷம் கழித்தும் அகப்படும். கெடாத சரக்குக்குக் கெடாத தளம்.

எதிர்ச்சான்று ஒன்றையும் மறைக்கலாகாது. இதே புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் 2018இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனலில் பெரியதம்பித் தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் அண்டா அண்டாவாகச் சமைக்கிறார்கள். 2021 ஜனவரியில் ராகுல் காந்தி வந்து சாப்பிட்டுப் போனார். அதே ஆண்டு ஜூலையில் 1 கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனலானது. கவனிக்க: மசாலா அரைபடுவது அம்மியில், அதுவும் ஒவ்வொரு பொருளின் பெயரையும் உரக்கக் கூவிக்கொண்டு. தமிழ்நாட்டில் அதிகம் பேர் பார்த்த அம்மி அதுவாகவே இருக்கும். பார்த்த கோடிப் பேரும் அம்மிக்கு ஓடிவந்திருந்தால் நார்த்தாமலையில் இந்நேரம் ஒரு பாறை மிஞ்சியிராது. பாறைகள் அப்படியே இருக்கின்றன. பார்க்கிற கூட்டமும் வாங்குகிற கூட்டமும் வேறு வேறு.

தளத்தின் ஆயுளையும் பார்க்க வேண்டும். ஆர்குட் 2014இல் மூடப்பட்டது. டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை 2020 ஜூன் 29 அன்று அரசு தடை செய்தது. முந்தின நாள்வரை லட்சக்கணக்கில் ரசிகர் வைத்திருந்தவர்கள் மறுநாள் கடைத்தெருவில் சாதாரணமாக நடந்து போனார்கள். அடுத்தவர் கணக்கில் சேர்த்த பெயர் நம்மிடம் நிற்காது; நார்த்தாமலை இதையும் பார்த்த ஊர்தான். இங்குள்ள விசயாலய சோழீச்சரக் கோயிலை எடுத்தவர் சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர். மழையில் சிதைந்தபின் புதுப்பித்தவர் மல்லன் விடுமன். கல்வெட்டு இருவரையும் சொல்கிறது. கோயிலோ சோழ மன்னன் விசயாலயன் பெயரில் வழங்குகிறது. உழைத்தவர் இருவர், பெயர் பெரிய கணக்குக்குப் போனது. இதே ஊர்ப் பழியிலி ஈச்சரக் குடைவரையில் நிலைமை மேல்: சாத்தன் பழியிலி நிருபதுங்கவர்மனின் 7ஆம் ஆட்சியாண்டில் குடைவித்தார், மகள் பழியிலி சிறிய நங்கை முகமண்டபம் சேர்த்தார், பெயரும் வீட்டை விட்டுப் போகவில்லை. பாஸ்வேர்டை மகளிடம் சொல்லி வைப்பவர்களுக்கு இது நல்ல முன்னுதாரணம்.

எஞ்சுவது விலை. அன்று கோயிலுக்குக் கொடுத்ததை, காசு இத்தனை, நிலம் இவ்வளவு, விளக்குக்கு நெய் நாள்தோறும் இத்தனை என்று கல்லில் பகிரங்கமாக வெட்டினார்கள். மாற்றினால் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம் என்றும் எழுதினார்கள். நம் காலத்தில் அந்தச் சாபம் மட்டும் ‘பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால்’ என்று உருமாறிப் பிழைத்துக்கிடக்கிறது; விலையைக் காணோம். அம்மிப் படத்தின் கீழே நூறு பேர் ‘என்ன விலை?’ என்று கேட்கிறார்கள். நூறு பேருக்கும் ‘இன்பாக்ஸ் வாங்க’ என்று ஒரே பதில். இன்பாக்ஸுக்குப் போனவருக்கு விலை தெரிகிறது. அடுத்த நிமிஷம் பார்சல் செலவு தெரிகிறது. 25 கிலோ கல்லைச் சென்னைக்கு அனுப்புவது பற்றி இதுவரை எந்தச் சமூக ஊடகத்துக்கும் யோசனை இல்லை. லாரி செட்டில்தான் கேட்க வேண்டும்.