கூனிமேட்டுக் கரையில் தொலைவும் இடப்பெயர்ச்சியும்

நடந்த வழியெல்லாம் தொலைவு. கிளம்பிய இடத்துக்கும் போய்ச் சேர்ந்த இடத்துக்கும் இடையே திசையோடு இழுத்த நேர்கோடு இடப்பெயர்ச்சி. முன்னது ஸ்கேலார், பின்னது வெக்டர். பள்ளிப் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். ஆயினும் இவ்விதியின் முழு வீச்சை அறிய, கூனிமேட்டிலிருந்து மரக்காணம் வரையுள்ள கடற்கரையைவிடத் தக்க ஆய்வுக்கூடம் கிடையாது. அங்கே உப்பளத் தரை சமதளம், வரப்புகள் நேர்கோடு. நிழல் என்னும் இடையூறும் இல்லை.

பழைய சான்று ஒன்று. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி கூனிமேட்டில் பண்டகசாலை நடத்தியது. பிறகு தெற்கே கடலூர்ப் பக்கம் போய்விட்டது. திரும்பி வராததால் அந்த இடப்பெயர்ச்சி இன்றுவரை சுழியாகவில்லை.

இனி உப்பு சுமக்கும் பெண். பாத்திக்கும் அம்பாரத்துக்கும் 50 மீட்டர், நாளுக்கு 100 நடை என்று கொள்வோம். போக வர 10 கிலோமீட்டர் ஆகிறது. கடைசி நடை முடிந்து வெறுங்கூடையோடு பாத்திக்கே வந்து நிற்பதால் இடப்பெயர்ச்சி சுழி. அதாவது, காலையிலிருந்து அவர் எங்கும் போகவில்லை. கூலி கொடுப்பவரும் பெரும்பாலும் இதே கருத்துடையவர். இரு துறைகள் தனித்தனியே ஆராய்ந்து ஒரே முடிவுக்கு வருவது அபூர்வம். பாத வெடிப்புக்கு மட்டும் வெக்டரில் விளக்கமில்லை. அது ஸ்கேலார் நோய்.

வேலைக் கணக்கு இன்னும் கறாரானது. சமதளத்தில் சுமையோடு நடக்கையில் புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை சுழி, ஏனெனில் விசை செங்குத்து, நடை கிடைமட்டம். கூடையைத் தலைக்குத் தூக்குவது மட்டுமே கணக்கில் சேரும். 30 கிலோவை ஒன்றரை மீட்டர் தூக்க 441 ஜூல் போதும். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையில் அதுபோல் 150 கூடை தூக்கும் ஆற்றல் இருக்கிறது. ஒரு டீ குடித்தவர் மதியச் சோற்றுக்கு ஏன் உட்காருகிறார் என்பது இயற்பியலுக்குப் புரியாத புதிர்.

உப்புக்காக நடந்தவர்களில் வரலாற்றில் ஏறியவர்களும் உண்டு. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியில் புறப்பட்டவர்கள் ஏறக்குறைய 240 கிலோமீட்டர் நடந்து வேதாரண்யம் சேர்ந்தார்கள். நேர்கோட்டில் அது சுமார் 135 கிலோமீட்டர்தான். தஞ்சாவூர், கும்பகோணம் என்று ஊர் ஊராகச் சுற்றியதில் நூறு கிலோமீட்டருக்கு மேல் கூடிவிட்டது. இயற்பியல் ஆசிரியர் ஒருவர் கூடப் போயிருந்தால் செருப்புத் தேய்மானம் குறைந்திருக்கும். சத்தியாகிரகம் வழியூர்களுக்குத் தெரியாமலே முடிந்திருக்கும்.

ஐப்பசி பிறந்தால் பாத்திகளில் மழைநீர் நிற்கும். அப்போது தொலைவும் சுழி, இடப்பெயர்ச்சியும் சுழி. இரண்டும் சண்டையில்லாமல் ஒத்துப்போகும் ஒரே பருவம். உப்பு விளையாத அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது.