திறப்புவிழா முதலாளி

அவருக்கு அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது அடையாள அட்டையில் பத்திரமாகக் கிடக்கிறது. புசல்லாவை டவுனில் எல்லோருக்கும் அவர் 'முதலாளி'தான். எந்தக் கடைக்கு முதலாளி என்பது மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். கொமினிகேஷன் முதலாளி, சீடி முதலாளி, பேன்சி முதலாளி, போன் முதலாளி, ஐஸ்கிரீம் முதலாளி. கையில் கடையே இல்லாத மாதங்களிலும் பட்டத்துக்குக் குறைவில்லை. ஹட்டனுக்கோ தலவாக்கலைக்கோ போனால் அங்கேயும் இவரை அச்சாக ஒத்த ஒருவரைப் பார்க்கலாம்.

கடை நடத்துவது வேறு, கடை திறப்பது வேறு. நம் முதலாளிக்கு இரண்டாவதில்தான் தேர்ச்சி. திறப்பு விழா அன்று அவரைப் பார்க்க வேண்டும். இரண்டு வாழைமரம், மாவிலைத் தோரணம், றோட்டைப் பார்த்துத் திருப்பி வைத்த சவுண்ட் பொக்ஸ், வருகிறவர்களுக்கெல்லாம் பாற்சோறும் வாழைப்பழமும். மூன்று மொழியிலும் எழுதிய போர்டு. பெயருக்கு முன்னால் ஒரு 'நியூ' கட்டாயம் உண்டு. பழைய கடை எங்கே இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் ஆறேழு காட்ட வேண்டிவரும். கைராசிக்கார மாமா ஒருவரைக் கூட்டிவந்து முதல் வியாபாரம் செய்விப்பார். போன் கடை திறந்த அன்று அந்த மாமா நூறு ரூபாய்க்கு ரீலோட் போட்டார். மாமாவின் கை அவ்வளவுதான் நீளும். முதலாளி அந்த நோட்டைக் கண்ணில் ஒற்றி, லாச்சியில் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். கடை மூடும்வரை அது செலவாகவில்லை. கடைசியில் மிஞ்சிய லாபம் அது ஒன்றுதான் என்பது ஊர்ப் பேச்சு.

அவர் பெரும்பாலும் தீபாவளிக்கு முந்தி திறப்பார். அங்கேதான் கணக்கு பிசகுகிறது.

ரொத்சைல்ட், சோகம, ஹெல்பொட, மெல்போர்ட் என்று சுற்றியுள்ள தோட்டங்களின் காசில்தான் எங்கள் டவுன் மூச்சு விடுகிறது. மாதச் சம்பளம் பத்தாந்தேதி வாக்கில் கைக்கு வரும். இருபதாந்தேதிக்குப் பிறகு டவுனில் ஆள் இருக்கும், வியாபாரம் இருக்காது. தீபாவளிக்குத் தோட்டத்தில் முற்பணம் கொடுப்பார்கள். அந்தச் சில நாள் புசல்லாவையில் தோளோடு தோள் உரசாமல் நடக்க முடியாது. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளும் வந்து இறங்கியிருப்பார்கள். லாச்சி நிறையும். முதலாளி இராத்திரி கல்குலேட்டரை எடுத்து, அன்றைய வியாபாரத்தை முப்பதால் பெருக்கி, பிறகு பன்னிரண்டால் பெருக்கி, விடையைப் பார்த்து அவரே பயந்துபோவார். உடனே இன்னொரு பையனை வேலைக்குச் சேர்ப்பார்.

தீபாவளி முற்பணம் இனாம் அல்ல, கடன். பின்னால் மாதாமாதம் சம்பளத்தில் கழித்துக்கொள்வார்கள். கழித்த மிச்சத்தில் பொங்கல் வரும், ஜனவரியில் பிள்ளைகளுக்குச் சப்பாத்தும் கொப்பியும் வரும். மாசியில் நம் முதலாளி கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற பஸ்களுக்கு நேரம் குறித்துக்கொண்டிருப்பார். சேர்த்த பையன் உள்ளே போனில் படம் பார்ப்பான்.

காசு இருக்கிற மாதங்களிலும் அது இவரிடம் வருவதில்லை. பருப்பும் மாவும் லயத்துக்குப் பக்கத்திலேயே கிடைக்கும். கல்யாணப் புடவை, நகை, பிரிட்ஜ் என்றால் சனம் பஸ் ஏறிக் கம்பளைக்கோ கண்டிக்கோ போய்விடும். கொழும்புப் பிள்ளைகள் புறக்கோட்டையிலிருந்தே மூட்டை கட்டி வருவார்கள். நம் முதலாளி சரக்கு எடுப்பதும் அதே புறக்கோட்டையில்தான். அதே சட்டைக்கு அங்கே என்ன விலை என்று அவரிடமே வந்து பாடம் நடத்திவிட்டு, வாங்காமல் போவார்கள்.

அவர் கடைகள் மூடிய காரணங்களை ஊர் ஒரு மாதிரிச் சொல்லும், அவர் ஒரு மாதிரிச் சொல்வார். கொமினிகேஷன் மூடியதற்கு வாசல் தெற்குப் பார்த்தது காரணமாம். ஆளுக்கொரு கைபேசி வந்துவிட்ட பிறகு வாசல் எந்தத் திசையைப் பார்த்தால் என்ன? சீடி கடைக்குக் கண்ணூறு. போன் கடைக்கு எதிர்க் கடைக்காரன் வைத்த செய்வினை. அந்தச் செய்வினையை வைத்தது மத்திய வங்கி. 2021 செப்டம்பரில் கைபேசி உட்பட 623 வகைப் பொருட்களை இறக்குமதி செய்ய முழுப்பணத்தையும் முன்கூட்டியே வங்கியில் கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். அடுத்த வருடம் இருநூறு ரூபாய் டொலர் முந்நூற்றைம்பதைத் தாண்டியது. கண்ணாடிக்குள்ளே போன் இருந்த இடத்தில் போன் கவர்கள் மட்டும் தொங்கின.

ஒரே ஒரு தடவை தீபாவளியை விட்டுவிட்டு நுவரெலியா ஏப்ரல் சீசனை நம்பினார். சீசனுக்குப் போகிற வேன்கள் நிறைய எங்கள் டவுனுக்குள்ளால்தான் போகின்றன. வேனுக்கு இரண்டு ஐஸ்கிரீம் என்றாலும் எவ்வளவு என்று கல்குலேட்டர் மறுபடி வெளியே வந்தது. மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒற்றை வீதி இது. வேனை நிறுத்தினால் பின்னால் வருகிற பஸ்காரன் ஹோர்னிலேயே திட்டுவான் என்பதும், அவர்கள் றம்பொடை நீர்வீழ்ச்சியைப் பார்த்தால்தான் இறங்குவார்கள் என்பதும், மூன்றாயிரம் அடி உயரத்து மழைக் குளிரில் ஊர்ச்சனம் தேடுவது இஞ்சிப் பிளேன்டீயை என்பதும் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அவர் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் ஆலோசனை கேட்பதில்லை. 2022 மார்ச்சில் திறந்தார். மாதக் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் கரண்ட் கட். பெற்றோலும் இல்லை, வேனும் இல்லை. பிரீசருக்குள் வெனிலாவும் ஸ்ட்ரோபெரியும் சாதி மத பேதமின்றி ஒன்றாகக் கலந்தன. ஒரு பின்னேரம் ஸ்கூல் விட்டு வந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு, கப் கப்பாக அள்ளிக் கொடுத்துவிட்டார். அன்றைக்குத்தான் அந்தக் கடையில் நல்ல கூட்டம்.

அவரிடம் பழைய போட்டோகொப்பி மெஷின் ஒன்று இருந்தது. அதை 2023 தொடக்கத்தில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டார். அந்த வருட நடுவில் அரசாங்கத்தின் அஸ்வெசும நிவாரணப் பட்டியல் வெளிவந்தது. பெயர் விடுபட்டவர்கள் மேன்முறையீட்டுக்காக அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் தூக்கிக்கொண்டு கொப்பி எடுக்க வரிசையில் நின்றார்கள். வாங்கியவனின் மெஷின் சூடு ஆறவில்லை. முதலாளியும் அந்த வரிசையில் நின்றார், தன் அடையாள அட்டையோடு.

இவ்வளவுக்கும் நடுவில், நாலு கடை தள்ளி ஒரு பலசரக்குக் கடை அசையாமல் நிற்கிறது. போர்டில் எழுத்தே அழிந்துவிட்டது. கடைக்காரர் அண்ணாச்சியிடம் இருப்பதெல்லாம் ஒரு தடித்த கொப்பி. தோட்டத்து அக்கா ஒருவர் அரிசிக்கும் செத்தல் மிளகாய்க்கும் வந்தால், அண்ணாச்சி முகத்தைப் பார்க்காமலே கேட்பார்:

"இந்த மாசம் எத்தன பேரு விழுந்திச்சு?"

"பதினெட்டு, அண்ணாச்சி. மழ வந்து கெடுத்திருச்சு."

"மகன் கொழும்புல இருந்து அனுப்புறானா?"

"அனுப்புறான்."

"அப்ப அஞ்சு கிலோவா எடுத்துக்க."

எந்த வங்கியும் இவ்வளவு சீக்கிரத்தில் கடனுக்கு ஆள் அளந்ததில்லை. தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் யார் இருக்கிறார், யாருக்கு எத்தனை 'பேர்', அதாவது எத்தனை நாள் வேலை, யாருக்கு அடுத்த வருடம் ஈ.பி.எப். காசு வரும் எல்லாம் அவருக்கு மனப்பாடம். நம் முதலாளியோ 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று போர்டு மாட்டித் தொடங்குவார். மூன்றாவது வாரம் கூட்டாளிகளுக்குக் கடன் கொடுப்பார். கூட்டாளிகள் யாரும் செக்ரோலில் இல்லை.

அண்ணாச்சியின் கொப்பியும் மெலிந்துதான் வருகிறது. தோட்டங்கள் கம்பெனிகளுக்குக் கைமாறிய 1992இல் நாடு முழுக்க மூன்று இலட்சத்துக்கு மேல் இருந்த தொழிலாளர்களில் இன்று பாதிப் பேர்கூட இல்லை. ஒவ்வொரு பெயர் வெட்டுப்படும்போதும் டவுனில் அரைக் கடை ஆட்டம் காண்கிறது. இதை முதலாளியிடம் சொன்னால், "அதுக்குத்தான் நான் டூரிஸ்ட்டப் பாக்குறேன்" என்பார்.

கட்டடச் சொந்தக்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாடியில் இருக்கிறார். கீழே யார் விழுந்தாலும் எழுந்தாலும் அவருக்குக் கீ மணி உண்டு. ஒவ்வொரு தடவையும் புதிதாக வருகிறவர் சுவருக்குப் பெயின்ட் அடித்து, லைட் போட்டு, தரைக்கு டைல் பதித்துக் கொடுத்துவிட்டுத்தான் போகிறார். ஒரே ஆள் இருபது வருடம் இருந்தால் அந்தக் கட்டடம் இவ்வளவு அழகாக இருக்குமா? முதலாளி மூடும்போது உண்மையாகவே வருத்தப்படுகிறவரும் இவர்தான். அடுத்த முதலாளி வரும்வரைதான் வருத்தம்.

இந்த ஊரில் வேளை பார்த்து மூடத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவர்களும் வெள்ளைக்காரர்கள். கேப்ரியல், மோரிஸ் வோர்ம்ஸ் என்ற அண்ணன் தம்பிகள். ரொத்சைல்ட் குடும்பத்துக்குச் சொந்தக்காரர்கள். 1840களில் இங்கே காடு வெட்டிக் கோப்பி போட்டு, உறவினர் பெயரையே தோட்டத்துக்குச் சூட்டினார்கள். 1860களில் நல்ல விலைக்கு விற்றுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். 1869இல் வந்த இலைநோய் பின்னால் இலங்கை முழுக்கக் கோப்பிக்குக் கதவடைத்தது. அவர்களுக்கு வாஸ்து பார்த்தவர் யார் என்று முதலாளி என்னை விசாரித்திருக்கிறார்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் பிடித்துக்கொண்டார். முகத்தில் திறப்பு விழாக் களை.

"இந்தத் தடவ பழைய சாமான் வாங்கி விக்கிற கடைங்க. யோசிச்சுப் பாருங்க, டவுன்ல மாசத்துக்கு ஒரு கட மூடுறான். அலுமாரி, பிரிட்ஜ், போர்டு, தராசு எல்லாம் சும்மா கெடக்கு. அடுத்து திறக்கிறவனுக்கு வேணுமா வேணாமா?"

முதல் தடவையாக எனக்கும் எதிர்வாதம் கிடைக்கவில்லை. உற்சாகமாகக் கடையைக் காட்டக் கூட்டிப்போனார். நடுவில் பெரிய கண்ணாடி அலுமாரி ஒன்று நின்றது. மூன்றாவது தட்டில் கீறல், அதன்மேல் ஐஸ்கிரீம் ஸ்டிக்கர், அதற்கடியில் சீடிக் காலத்து நடிகரின் அரை முகம்.

"இது உங்களோடது இல்லையா?"

"ஆமா, அப்ப ஏழாயிரத்துக்குக் குடுத்தேன். போன மாசம் பன்னெண்டாயிரத்துக்குத் திருப்பி எடுத்தேன். வெல ஏறிப்போச்சு பாருங்க" என்றார் பெருமையாக. "ஒரு ஆள் பதினஞ்சுக்குக் கேட்டான். நான் குடுக்கல. கடைக்கு ஒரு அலுமாரி வேணாமா?"